வியர்வையும் புல்தைலமும்



திருவனந்தபுரத்தில் சில காலம் வாழ்ந்தவர்களுக்குச் சாலைக் கடைத்தெருவை நாம் அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. கிழக்குக் கோட்டை வாயிலிலிருந்து புறப்படும் அந்த நெடுந்தெரு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசரின் முயற்சியால் வணிகத்தலமாக உருப்பெற்றது. அன்றுமுதல் அங்கே தமிழ் வணிகர் குடியேறினர். அவர்களுடைய பேச்சும் கணக்கும் நெடுங்காலம் தமிழிலேயே நடந்தன. தோவாளையிலிருந்து வரும் பூக்கூடைகளும், அங்காடி மருந்துக் கடைகளில் குவித்து வைத்த வெட்டிவேரும், கிராம்பும், ஓமமும், கஸ்தூரி மஞ்சளும் சேர்ந்து அத்தெருவுக்கென ஒரு மணத்தைக் கொடுத்தன. அந்த மணங்களுக்கு நடுவே எலுமிச்சம்பழத்தை நினைவூட்டும் கூரிய வாசனை ஒன்றும் உண்டு. மஞ்சள் நிறத் தைலமாகப் புட்டிகளில் விற்கப்படும் அதற்கு மலையாளத்தில் புல்தைலம் என்று பெயர். வீடு கழுவும் நீரில் சில துளி விட்டுத் தரையைத் துடைப்பது கேரள இல்லங்களில் நெடுநாளைய வழக்கம்.

இந்த எளிய தைலத்துக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. அதை ஆராய முற்படும்போது வேறொரு கேள்வியும் உடன் எழுகிறது. வாசனைத் தைலங்கள் உடலின் துர்நாற்றத்தை மறைக்க மட்டுமே செய்கின்றனவா, அல்லது அதன் காரணத்தையே போக்குகின்றனவா? வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் உழைத்து வாழும் நமக்கு இது வீண் ஆராய்ச்சி அன்று. புதிய ஊரில், புதிய மனிதர்களுக்கு நடுவே, நெரிசல் மிகுந்த பேருந்திலும் தொழிற்சாலையிலும் நாள்தோறும் நிற்க வேண்டியவர்களுக்கு இது மானத்தைத் தொடும் கேள்வியாகவும் அமைந்துவிடுகிறது.

நம் முன்னோர் இதை எவ்வாறு அணுகினர் என்பதை முதலில் காண்போம். சேரநாட்டு இளவலாகிய இளங்கோவடிகள் இயற்றியதாகக் கொள்ளப்படும் சிலப்பதிகாரத்தில், கடலாடு காதையிலே, மாதவி நீராடும் முறை சொல்லப்படுகிறது. பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நன்னீரில் அவள் கூந்தலை ஆட்டினாள் என்பது செய்தி. துவர் என்பன துவர்ப்புடைய பட்டைகளும் காய்களும். விரை என்பன மணப்பொருள்கள். சந்தனமும் அகிலும் விரையில் அடங்குவன.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. மணப்பொருளுக்கு முன்னதாகத் துவர்ப்புப் பொருள் வைக்கப்பட்டிருக்கிறது. துவர்ப்பு தோலைச் சுருக்கி அழுக்கையும் பிசுக்கையும் அகற்ற உதவும். மணம் அதற்குப் பின் வருவது. தூய்மையின் மேல் அமர்ந்த வாசனையே வாசனை என்பதை அக்காலத்தார் அனுபவத்தால் அறிந்திருந்தனர். நம் வீடுகளில் பயற்றம்பருப்பு, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, கார்போகரிசி, ஆவாரம்பூ முதலியவற்றை இடித்துச் செய்யும் நலங்குமாவும் இந்த முறையின் வழிவந்ததே. மாவு அழுக்கை எடுக்கும். வேரும் கிழங்கும் மணத்தைத் தரும். ஆனால் துர்நாற்றம் எதனால் பிறக்கிறது என்பது அன்று எந்த நாட்டாருக்கும் தெரியாது. அந்த அறிவு கிட்டுவதற்கு உலகம் 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நூற்றாண்டிலேதான் நமது புல்லும் உலக அரங்கில் ஏறியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவுகளில் தானாகவே வளரும் இப்புல்லை மலையாளத்தில் இஞ்சிப்புல் என்றும் தெருவப்புல் என்றும் அழைப்பர். தமிழில் எலுமிச்சம்புல் என்றும் வாசனைப்புல் என்றும் வழங்குகிறோம். தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் சிம்போபோகன் பிளெக்சுவோசஸ் என்பது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அஞ்செங்கோவுக்கு வடக்கே திருவிதாங்கூரின் மலைச்சரிவுகளில் இதிலிருந்து தைலம் வடிக்கும் தொழில் வளர்ந்தது. அஞ்செங்கோ என்பது திருவனந்தபுரத்துக்கு வடமேற்கே கடற்கரையில் உள்ள பழைய ஆங்கிலேயர் கோட்டை. பின்னர் கொச்சித் துறைமுகத்தின் வழியாகவே பெரும்பகுதி ஏற்றுமதி ஆனதால், திருவிதாங்கூர் மலைகளில் பிறந்த தைலத்துக்கு அயல்நாட்டுச் சந்தையில் கொச்சித் தைலம் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வடிக்கும் முறை எளியது, உழைப்போ பெரிது. கோடையில் காய்ந்து கிடக்கும் புல்லைத் தீயிட்டுக் கொளுத்துவார்கள். மழை விழுந்ததும் சாம்பலிலிருந்து புதுத்தளிர் எழும். அது வளர்ந்தபின் அரிவாளால் அறுத்து, மலையோடையின் கரையில் அமைத்த செம்பு வாலைக்குள் நீருடன் அடைத்து, அடியில் தீ மூட்டுவார்கள். எழும் ஆவி குழாய் வழியே சென்று ஓடையின் குளிர்ந்த நீரால் மீண்டும் திரவமாகும். தைலம் நீரைவிட எடை குறைந்தது; ஆகையால் மேலே மிதக்கும். அதை வழித்தெடுத்துப் புட்டியில் அடைப்பார்கள். 100 கிலோ பச்சைப் புல்லை வாலையில் இட்டால் அரைக் கிலோ தைலம்கூடக் கிடைப்பதில்லை. மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று புல் அறுத்தவர்கள், புகையில் கண் சிவக்க வாலைக்கு விறகு தள்ளியவர்கள் ஆகியோரின் பெயர் எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் இடம் பெறவில்லை.

இந்தத் தைலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு சிட்ரால் என்னும் பொருள். எலுமிச்சை மணம் அதனால் வருவதே. 1893ஆம் ஆண்டு ஜெர்மானிய இரசாயன அறிஞர் பெர்டினாண்டு டீமன் என்பவரும் அவருடைய துணைவர் பால் குரூகரும் சிட்ராலையும் அசிட்டோனையும் சேர்த்து அயனோன் என்னும் புதிய பொருளை ஆக்கிக் காட்டினர். அதன் மணம் ஐரோப்பியர் பெரிதும் விரும்பிய வயலட் மலரின் மணத்தை ஒத்திருந்தது. உண்மையான வயலட் மலரிலிருந்து வாசனை எடுப்பதற்குப் பெருஞ்செலவு பிடிக்கும். திருவிதாங்கூர்ப் புல்லிலிருந்து அதே வாசனையை மலிவாக ஆக்கலாம் என்றதும் கொச்சித் தைலத்துக்குத் தேவை பெருகியது. 1947இல் சுவிட்சர்லாந்தில் ஆட்டோ ஐஸ்லர் என்னும் அறிஞரின் குழு வைட்டமின் ஏயைத் தொழிற்சாலையில் செய்ய வழி கண்டது. அதற்கும் அயனோனே தொடக்கப் பொருள். ஆகவே நம் மலைப்புல் ஐரோப்பியச் சீமாட்டியின் கைக்குட்டையிலும், பின்னாளில் கண்ணுக்கு ஒளி தரும் மருந்திலும் உருமாறிச் சேர்ந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதை வாங்கியவர் அறியார். எங்கே போகிறது என்பதை அறுத்தவரும் அறியார்.

இதே காலத்தில் மற்றொரு திசையிலும் ஆராய்ச்சி நடந்தது. 1867இல் ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு புண் அழுகாமல் காக்கலாம் என்று உலகுக்கு அறிவித்தார். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே அழுகலுக்குக் காரணம் என்ற உண்மை வேரூன்றியது. 1887இல் பாரிஸ் நகரில் பாஸ்டரின் மாணவர் சாம்பர்லாண்டு, தாவர வாசனைத் தைலங்களை அடைப்பான் நோய்க் கிருமியின்மேல் சோதித்துப் பார்த்தார். இலவங்கப்பட்டை, கிராம்பு முதலியவற்றின் தைலங்களுக்குக் கிருமியை ஒடுக்கும் ஆற்றல் உண்டு என்று அவர் காட்டினார். 1920களில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஆர்தர் பென்போல்டு என்பவர், அந்நாட்டுத் தேயிலைமரம் எனப்படும் செடியின் தைலம் கார்பாலிக் அமிலத்தைவிடப் பல மடங்கு வலியது என்று கண்டார்.

நமது நாட்டு ஓமமும் இந்த வரிசையில் சேர்ந்தது. ஓமத் தைலத்திலுள்ள தைமால் சிறந்த கிருமிநாசினி. 1914இல் முதல் உலகப் போர் தொடங்கும்வரை இந்திய ஓமம் கப்பல் கப்பலாக ஜெர்மனிக்குச் சென்று, அங்கே தைமாலாகி, பிற நாடுகளுக்கு விற்பனையாயிற்று. பாட்டி குழந்தையின் வயிற்று வலிக்குக் கொடுத்த ஓமத்தை ஜெர்மானியர் மருந்துச் சரக்காக மாற்றிப் பொருள் ஈட்டினர். மூலப்பொருள் இங்கே, இலாபம் அங்கே என்ற நிலை புல்தைலத்துக்கு மட்டும் உரியதன்று.

இனி உடல் நாற்றத்துக்கு வருவோம். மனித உடலில் 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பான்மையானவை நீரும் உப்புமாகிய வியர்வையைச் சுரந்து உடலைக் குளிர்விப்பவை. அக்குள் முதலிய சில இடங்களில் மட்டும் வேறு வகைச் சுரப்பிகள் உண்டு. அவை பருவம் எய்தும்போது வேலை செய்யத் தொடங்கி, கொழுப்பும் புரதமும் கலந்த தடித்த நீரைச் சுரக்கின்றன. 1953இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெல்லி, ஹர்லி, நிக்கல்ஸ் என்போர் இந்நீரைத் தனியே எடுத்துச் சோதித்தனர். கிருமி படாமல் காத்தபோது அதற்கு நாற்றமே இல்லை. தோலில் வாழும் கிருமிகளோடு கூடியபோதுதான் நாற்றம் பிறந்தது. 2020இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தார், ஸ்டாபிலோகாக்கஸ் ஹோமினிஸ் என்னும் அக்குள் கிருமியிடமுள்ள ஒரு நொதியே கந்தகம் கலந்த நாற்றப்பொருளை வியர்வையிலிருந்து விடுவிக்கிறது என்பதை விளக்கினர்.

இதிலிருந்து நாம் பெறும் முதல் உண்மை, வியர்வை நாறுவதில்லை என்பதே. உழைப்பவனின் வியர்வையைப் பழிப்பதற்கு விஞ்ஞானத்தில் இடமில்லை. தோலில் தங்கிய நீரையும் கொழுப்பையும் கிருமிகள் சிதைக்கும்போது எழுவதே நாற்றம். நாள் முழுவதும் மேசையருகே அமர்ந்திருப்பவருக்கும் அது உண்டாகும்.

ஆனால் வணிக உலகம் இந்த உண்மையை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டது. 1888இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மம் என்ற பெயரில் நாற்றம் நீக்கும் களிம்பு விற்பனைக்கு வந்தது. 1919இல் ஓடோரோனோ என்னும் சரக்கின் விளம்பரம் பெண்களைக் குறிவைத்து, நீங்கள் அறியாமலே பிறர் உங்களைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள் என்ற கருத்தைப் பத்திரிகையில் பரப்பியது. அதைக் கண்டு சினங்கொண்டு பத்திரிகையை நிறுத்திய வாசகர்கள் பலர். ஆயினும் விற்பனை பெருகியது. பின்னர் சோப்பு நிறுவனங்களும் அதே வழியில் சென்றன. மக்களுக்கு முதலில் வெட்கத்தை விற்று, அதற்குப் பின் மருந்தை விற்கும் முறை அவ்வாறு தோன்றியது. நீராடி விரை பூசிய நம் பழைய வழக்கத்தில் மகிழ்ச்சி இருந்தது. புதிய விளம்பரத்தில் அச்சம் இருந்தது.

புல்தைலம் உண்மையில் என்ன செய்கிறது? சிட்ரால் முதலிய தைலப் பொருள்கள் கொழுப்பில் கரைபவை. அவை கிருமியின் உடலைப் போர்த்திய மெல்லிய சவ்விலே புகுந்து அதன் கட்டைக் குலைக்கின்றன. உள்ளிருக்கும் சத்து கசிந்து கிருமி மடிகிறது. கிருமிகளில் ஒரு பெரும் பிரிவுக்கு வெளியே மேலும் ஒரு சவ்வு உண்டு. அவற்றினுள் தைலம் எளிதில் புகுவதில்லை. அக்குளில் நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளோ அந்த வெளிச்சவ்வு இல்லாத பிரிவைச் சேர்ந்தவை. ஆகவே வாசனைத் தைலங்களின் ஆற்றல் அவற்றின்மேல் நன்கு செல்லும். தைலம் நாற்றத்தை மறைப்பதோடு அதன் காரணத்தையும் ஓரளவு ஒடுக்கும் என்பது நம் கேள்விக்குரிய விடை.

ஓரளவு என்று நாம் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. சோதனைச் சாலைக் கண்ணாடித் தட்டில் தைலம் கிருமியோடு நீண்ட நேரம் தங்கியிருக்கும். தோலிலோ அது விரைவில் ஆவியாகிவிடும். மேலும் சிட்ரால் சிலருடைய தோலில் எரிச்சலையும் ஒவ்வாமையையும் உண்டாக்கும். ஐரோப்பிய நாடுகளில் அது கலந்த சரக்கின் உறையில் அதன் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. கடையில் வாங்கும் புல்தைலத்தை அப்படியே அக்குளில் தடவுவது பெருந்தவறு. குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதும், உள்ளுக்குக் கொடுப்பதும் ஆபத்து. குளிக்கும் வெந்நீரில் எலுமிச்சம்புல்லின் தாள் சிலவற்றை நறுக்கிப் போடுவதும், சோப்பிட்டுக் குளித்து நன்றாக ஈரம் துடைப்பதும், வியர்வை படிந்த உடையை அன்றன்றே துவைத்து வெயிலில் உலர்த்துவதும் செலவற்ற நல்ல வழிகள். ஒருவருக்கு உடல் மணம் திடீரென மாறினால் தைலத்தை நாடாமல் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

மீண்டும் வரலாற்றுக்குத் திரும்புவோம். 1916இல் மைசூர் அரசு என்ன செய்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அதுவரை மைசூர்ச் சந்தனக் கட்டை ஜெர்மனிக்குச் சென்றே தைலமாயிற்று. போரினால் அந்த வழி அடைபட்டதும், பெங்களூரில் அரசே சந்தனத் தைலத் தொழிற்சாலையை நிறுவியது. அதன் பயனாக எழுந்த மைசூர் சந்தன சோப்பு இன்றும் நாடெங்கும் வழங்குகிறது. மரமும் தைலமும் சோப்பும் ஒரே நாட்டின் கையில் அமைந்தன. திருவிதாங்கூர்ப் புல்லுக்கு அந்த அளவு பெயர் பெற்ற சோப்பு ஒன்று வாய்க்கவில்லை. அது பிறர் தொழிலுக்கு மூலப்பொருளாகவே பெரும்பாலும் கப்பலேறியது. ஆகவே, கௌதமாலா முதலிய நாடுகள் புல்லைப் பயிரிட்டுப் போட்டிக்கு வந்தபோதும், இரசாயனத் தொழிற்சாலைகள் புல்லின்றியே சிட்ராலைச் செய்யக் கற்றபோதும், விலை சரிந்தது. அச்சரிவின் சுமை மலைச்சரிவில் வாலை வைத்திருந்த சிறுவிவசாயியின் தலையிலேயே விழுந்தது. புல் விளைந்த பல சரிவுகளில் இரப்பர் மரங்கள் எழுந்தன.

எனினும் முயற்சிகள் அறவே இல்லாமற் போகவில்லை. 1951இல், திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தில், பெரும்பாவூரை அடுத்த ஓடக்காலியில் எலுமிச்சம்புல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அங்கே தேர்ந்தெடுத்த சுகந்தி என்னும் வகை நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. பின்னர் அந்நிலையம் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. தலைநகரிலேயே பாப்பனங்கோட்டில் 1975இல் எழுந்த மத்திய அரசின் ஆராய்ச்சிக் கூடமும், பாலோட்டில் 1979இல் அமைந்த வெப்பமண்டலத் தாவரத் தோட்டமும் மூலிகைகளையும் மணப்பயிர்களையும் விஞ்ஞான முறையில் ஆராய்கின்றன. பழைய வழக்கங்களுள் எது உண்மை, எது வெறும் நம்பிக்கை என்று பிரித்தறிய இத்தகைய ஆராய்ச்சியே துணை.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் மாறின. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை இராச்சியத்தில் சேர்ந்தன. எல்லை மாறிய பின்னும் தோவாளைப் பூ திருவனந்தபுரத்துக்கு வருவது நிற்கவில்லை. சாலைத் தெருவின் தமிழ்க் கடைகளும் நிற்கவில்லை. பம்பாயிலோ தில்லியிலோ கல்கத்தாவிலோ வாழும் தமிழன்பர் வீட்டுக் குளியலறையிலும் ஒரு சிட்டிகை நலங்குமாவோ ஒரு பிடி வெட்டிவேரோ இருக்கக் காண்கிறோம். ஊரிலிருந்து வருபவரிடம் கேட்டு வாங்கிய பொருள் அது.

அடுத்த முறை அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அதன் பின்னே நிற்கும் கைகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நெரிசலில் அருகே நிற்பவரின் வியர்வையை உணரும்போதும், அது உழைத்த உடலின் நீர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நாளெல்லாம் உழைத்தவர் மாலையில் குளிக்க வேண்டும் என்றால், குழாயில் நீர் வர வேண்டும். உலர்த்துவதற்கு வெயில் படும் ஓர் இடம் வேண்டும். நகரங்களில் நெருங்கிய குடியிருப்புகளில் வாழ்வோர்க்கு இவ்விரண்டும் கிட்டும்படி செய்தல் நம் எல்லோருடைய கடமை. அவை கிட்டியபின் தைலத்துக்கு உரிய இடம் உண்டு. அந்தத் தைலம் நம் மலையில் விளைந்ததாகவும், அதன் பயன் நம் உழவரைச் சேர்வதாகவும் அமையுமானால் மேலும் நன்று.